நாப்பிழையும் நடுநிலைப் பிழையும்

செய்தி வாசிப்போரின் நாப்பிழையைக் கேட்டுச் சிரிப்பது நம் இல்லங்களில் மாலைப் பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. ழகரத்தை ளகரமாக்கினார், ஊர்ப்பெயரைச் சிதைத்தார் எனக் குற்றப்பட்டியல் நீளும். தமிழ்ப்பற்று மிகுதியால் நாமும் அச்சிரிப்பில் கலந்துகொள்வதுண்டு. எனினும், 2014ஆம் ஆண்டில் தூர்தர்ஷனில் அடுத்தடுத்து நடந்த இரண்டு நிகழ்ச்சிகள், நம் கண்டிப்பு உரிய இடத்தில்தான் விழுகிறதா என்று எண்ணச் செய்தன.

அவ்வாண்டு செப்டம்பரில் சீன அதிபர் சி ஜின்பிங் இந்தியா வந்திருந்தார். 'சி' என்னும் அப்பெயரை ஆங்கிலத்தில் எக்ஸ், ஐ என்ற இரண்டு எழுத்துகளால் எழுதுவர். உரோமை எண்முறையிலோ அவ்விரண்டும் சேர்ந்தால் பதினொன்று. ஆங்கிலச் செய்தி வாசித்த பெண்மணி ஒருவர் 'லெவன் ஜின்பிங்' என்று வாசித்துவிட்டார். நாடே நகைத்தது. நிரந்தரப் பணியின்றி அவ்வப்போது அழைக்கப்பட்டு வாசித்துவந்த அவர், உடனே நீக்கப்பட்டார். (பழைய ஏற்பாட்டுப் பெயர்களில் இடறும் வாசகர்களை நாம் ஞாயிறுதோறும் கேட்கிறோம், எவரையும் வாசக மேடையினின்று இறக்கியதாக நினைவில்லை.) விருந்தாக வந்த தலைவரின் பெயரை அறியாமல் வாசிக்க அமர்வது குறைதான். ஆயினும் அப்பிழை எவரையும் ஏமாற்றவில்லை. கேட்ட கணமே பிழையெனத் தெரிந்தது.

ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 3 அன்று, ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத் நாகபுரியில் ஆற்றிய விஜயதசமி உரையை அதே தூர்தர்ஷன் நேரடியாக ஒளிபரப்பியது. பொதுப் பணத்தில் இயங்கும் நிலையம் ஓர் இயக்கத்தின் மேடையாகலாமா என்ற கண்டனம் எழுந்தது. அவ்வுரை செய்தி மதிப்புடையது என்று விடையிறுத்தனர். அவ்வளவே. செய்தி மதிப்பு இருந்திருக்கலாம், நாம் மறுக்கவில்லை. செய்தியாயின் சுருக்கி உரைத்து, மறுகருத்தையும் உடன்வைத்திருக்கலாமே! நேரடியாக ஒளிபரப்புவது வாய் தவறி நிகழ்வதன்று. தெரிந்தே எடுக்கப்படும் முடிவு.

தனியார் அலைவரிசைகள் இதனினும் மேம்பட்டவை என்று சொல்லத் தமிழகத்தில் நமக்கு வாய் வராது. 2001 ஜூன் 30 விடியுமுன் முன்னாள் முதல்வர் கருணாநிதி கைது செய்யப்பட்டபோது, தி.மு.க. சார்புடைய சன் தொலைக்காட்சி, காவலர்கள் அவரை இழுத்துச் செல்லும் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டியது. அ.தி.மு.க. சார்புடைய ஜெயா தொலைக்காட்சியோ, காவலர்மேல் பிழையில்லை எனத் தோன்றச் செய்யும் வேறு காட்சிகளைக் காட்டியது. காட்டியதைவிட, காட்டாமல் விட்டதிலேயே சார்பு மறைந்திருந்தது. விடுபட்டதைப் பார்ப்பவர் எங்ஙனம் அறிவார்?

அந்நாள்களில் வீடு சந்திக்கச் சென்ற நாம், கூடத்தில் ஓடிய அலைவரிசையைக் கொண்டே அவ்வீட்டாரின் கட்சியை அறிந்துகொண்டோம். ஓர் இல்லத்தில், மற்றதையும் சற்றுப் பார்க்கலாமே என்றோம். வீட்டுப் பெரியவர் முகம் வாடி, "சாமி, நீங்களும் அந்தப் பக்கமா?" என்றார்.