பருந்தும் கழுகும்

என் நாவல் ஒன்றில் ஒரு கழுகு வருகிறது. கிராமத்து வீட்டு முற்றத்துக்கு மேலே வட்டமிடுகிறது; கண் மூடித் திறப்பதற்குள் கல் விழுவதுபோல் விழுந்து, ஒரு கோழிக்குஞ்சைக் காலில் இடுக்கிக்கொண்டு போய்விடுகிறது. பாட்டி கையைத் தட்டிக் கத்திக்கொண்டு ஓடி வருகிறாள். எழுதியபோது எனக்கு அந்த இடம் மிகவும் பிடித்திருந்தது. நண்பர்கள் இரண்டொருவர் பாராட்டவும் செய்தார்கள்.

புத்தகம் வெளிவந்த சில மாதங்களில் ஒரு பள்ளி ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. "உங்கள் பாட்டிக்கு உயிர் இருக்கிறது, கழுகுக்குத்தான் இல்லை. கழுகு செத்ததைத் தின்னும் பிராணி. குஞ்சைத் தூக்கிப் பறக்க அதன் காலுக்குப் பலம் போதாது. நீங்கள் பார்த்தது பருந்தாக இருக்க வேண்டும் - பார்த்திருந்தால்!" அவ்வளவுதான் கடிதம். சாலிம் அலியின் 'தி புக் ஆஃப் இந்தியன் பேர்ட்ஸ்' என்ற நூலைப் படிக்கும்படி அடியில் ஒரு சிபாரிசு.

கோபம் வரத்தான் வந்தது. ஆனால், அந்தப் 'பார்த்திருந்தால்' என்ற சொல் சுருக்கென்று தைத்துவிட்டது. புத்தகத்தை வாங்கினேன்.

1941-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வெளியிட்ட நூல் அது. விஞ்ஞானப் புத்தகம் என்று நினைத்துத்தான் பிரித்தேன். பத்துப் பக்கம் படிப்பதற்குள், பாத்திரச் சித்திரிப்பைப் பற்றி எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்காத பாடம் அதில் இருப்பது தெரிந்தது.

பறவையின் அளவை அவர் எப்படிச் சொல்லுகிறார் என்று பாருங்கள். அங்குலக் கணக்கை வைத்துக்கொண்டு ஆகாயத்தில் போகிறதை யார் அளக்க முடியும்? ஆகையால் நாம் தினமும் பார்க்கிற குருவி, மைனா, புறா, காகம், பருந்து ஆகியவற்றையே அளவுகோலாக வைக்கிறார். புறாவைவிடப் பெரிதா, ஒரு கூட்டல் குறி. சிறிதா, ஒரு கழித்தல் குறி. வாசகனுக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துப் போகிற வழி இது. அடுத்தபடி, ஒரு பறவையின் எல்லா இறகுகளையும் அவர் வர்ணிப்பதில்லை. மற்றதிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் இரண்டொரு அடையாளம், அதன் நடத்தை, அது இருக்குமிடம், இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறார். நாம் என்ன செய்கிறோம்? கதாநாயகியின் நெற்றியில் ஆரம்பித்துக் கால் விரல் வரை வர்ணித்துவிட்டு, அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் அதே வர்ணனையைக் கொடுக்கிறோம்!

ஆனால், இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பருந்து பார்க்கப் புறப்பட்டால் ஒரு குறை உடனே தெரியும். அதன் வர்ணப் படங்களில் பெரும்பாலான பறவைகள் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கின்றன. மைனாவுக்கு அது போதும். பருந்து இனத்தையோ நாம் பார்ப்பது கீழிருந்து, அண்ணாந்து, எதிர்வெயிலில். அங்கே நிறம் கரைந்துவிடுகிறது. உருவமும் அசைவும்தான் மிஞ்சுகின்றன. இந்த இனத்துக்கென்றே ரிஷாத் நௌரோஜி 2006-ல் ஒரு பெரிய புத்தகம் கொண்டுவர வேண்டியிருந்ததில் வியப்பில்லை.

ஒற்றை அடையாளத்தை நம்பினால் ஏமாந்து போவோம் என்பதையும் வானம்தான் கற்றுக்கொடுத்தது. நம் ஊர்களில் சாதாரணமாகக் காணும் கரும்பருந்துக்கு வால் கவைபோல் பிளந்திருக்கும். செம்பருந்துக்கு, அதுதான் கருடன் என்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்வது, வால் முனை வளைந்திருக்கும். தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். இது சுலபம். ஆனால், இளம் செம்பருந்துக்கு அந்த வெள்ளை கிடையாது. பழுப்பாக, கரும்பருந்தின் தம்பி மாதிரி இருக்கும். அப்போது வாலைப் பார்க்கலாம் என்றால், கரும்பருந்து வாலை விசிறிபோல் விரிக்கும்போது பிளவு மறைந்துவிடுகிறது! அது திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். படகோட்டி சுக்கானைத் திருப்புகிற மாதிரி வாலை இப்படியும் அப்படியும் முறுக்கித் திரும்பும். அந்த அசைவு பொய் சொல்லாது.

வல்லூறு இன்னொரு ஜாதி. புறா அளவுதான். குட்டை இறக்கை, பட்டை போட்ட நீள வால். படபடவென்று நாலைந்து அடி, பிறகு ஒரு மிதப்பு. அணிலும் ஓணானும் அதற்குத் தெரியும். இதே வேஷத்தை அப்படியே போட்டுக்கொண்டு அக்காக்குயில் வருகிறது. பறக்கும் விதம்கூட அதேதான். சின்னப் பறவைகளே அதைக் கண்டு அலறுகின்றன. உட்கார்ந்தபின் அலகைப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும்; வல்லூற்றின் கொக்கி அலகு அதற்கு இல்லை.

இதையெல்லாம் கதை எழுதுகிறவன் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். 'ஏதோ ஒரு பறவை' என்று எழுதினால் கதை கெட்டுவிடுமா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் சங்கப் புலவர்கள் அப்படி நினைக்கவில்லை. பருந்து, எருவை, பாறு, எழால் என்று தனித்தனிப் பெயர் வைத்துப் பாடினார்கள். நாமோ வானத்தில் பெரிதாக எது பறந்தாலும் 'கழுகு' என்கிறோம். திரைப்படத்துக் கழுகு, பொன்மொழிக் கழுகு, என் நாவலின் கழுகு, எல்லாம் ஒன்றுதான்.

இதற்குள் நிஜக் கழுகு போய்விட்டது. மாடுகளுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2004-ல் காரணம் வெளியாயிற்று. 2006-ல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தயாரிக்க இந்தியாவில் தடை வந்தது. அதற்குள் வெண்முதுகுக் கழுகுகளில் 100-க்கு 99-க்கும் மேல் மறைந்துவிட்டன. தமிழ்நாட்டில் மோயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் கொஞ்சம் எஞ்சியிருக்கின்றன. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் சோறு உண்ண வந்துகொண்டிருந்த ஜோடியும் 1990-களோடு வருவதை நிறுத்திவிட்டது. ஊருக்குப் பெயர் மட்டும் மிச்சம்.

நம் கதைகளைப் படித்தால் இப்படி ஒன்று நடந்ததாகவே தெரியாது. அவற்றில் கழுகுகள் இன்னும் வட்டமிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. பருந்தைக் கழுகு என்று எழுதிப் பழகியவனுக்குக் கழுகு இல்லாமற் போனது எப்படிக் கண்ணில் படும்? பெயர் தவறுவது சிறு பிழையல்ல என்று எனக்குப் பட்டது இங்கேதான்.

அடுத்த பதிப்புக்காக அந்தப் பக்கத்தை எடுத்தேன். 'கழுகு' என்பதை அடித்துப் 'பருந்து' என்று போட்டால் முடிந்தது என்று எண்ணினேன். முடியவில்லை. பருந்து கல்போல விழுவதில்லை. இறைச்சிக் கடை வாசலில் பல நாள் காலை நின்று பார்த்தேன். அது சாய்ந்து, வழுக்கி, தரையைத் தொடாமலே காலால் எடுத்துக்கொண்டு மேலேறுகிறது. அதற்கு முன்பே தாய்க்கோழி நிழலைக் கண்டு குரல் கொடுத்துவிடும். ஆகவே பாட்டி வானத்தைப் பார்த்து ஓடி வர நியாயமில்லை. கோழியின் குரலைக் கேட்டுத்தான் அடுப்படியிலிருந்து எழுந்து வருவாள்.

அப்படியே மாற்றி எழுதினேன். பாட்டிகூட முன்னைவிடக் கொஞ்சம் நன்றாகவே வந்திருக்கிறாள். ஆசிரியருக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.