முழு லெங்த்தா, வளைத்த தகடா, பழைய துண்டா?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பெரிய விட்ட இரும்புக் குழாயில் இரண்டடி மட்டும் வேண்டும் என்று கடை ஏறுகிறவருக்கு முதலில் கிடைப்பது கிலோ விலை. அதை வைத்தே சரக்கு நல்லதா மோசமா என்று பட்டறைகளில் தீர்ப்பாகிவிடுகிறது. இந்த வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. பொருத்தி முடித்த துண்டு கடைசியில் என்ன செலவில் நின்றது, எந்த அளவுக்கு வட்டமாக நின்றது, அதன் தடிப்புக்கும் தரத்துக்கும் யார் பொறுப்பு என்ற மூன்றையும் கேட்காத மதிப்பீடு பாதி மதிப்பீடுதான்.

சோதித்துப் பார்க்க இரண்டு வேலைகள் போதும். ஒன்று, சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி வெளுக்கும் எந்திரத்துக்கு ஓர் உருளை: 8 அங்குலக் குழாய், 1.2 மீட்டர் நீளம். மற்றது, பால்கோவா அடுப்பில் கடாயைத் தாங்கும் வளையம்: 610 மி.மீ. வெளிவிட்டம், 6 மி.மீ. தடிப்பு, 30 செ.மீ. உயரம். முன்னது சுழல வேண்டியது. பின்னது அசையாமல் நின்று வேக வேண்டியது.

முழு லெங்த் வாங்கும் வழியின் நிறை, அதன் பின்னால் ஒரு தரநிர்ணயம் இருப்பது. ஐ.எஸ். 1239 குழாய் 150 மி.மீ. பெயரளவோடு நின்றுவிடும், அதற்கு மேல் ஐ.எஸ். 3589, 168.3 மி.மீ. வெளிவிட்டத்திலிருந்து தொடங்குகிறது. குறை, 6 மீட்டருக்குக் கீழே கடைக்காரர் வெட்ட விரும்பமாட்டார். வெட்டிக் கொடுத்தாலும் மிச்சத்தின் விலை உங்கள் தலையில் ஏறும். 8 அங்குல, ஷெட்யூல் 40 குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 42.5 கிலோ, 6 மீட்டர் லெங்த் 255 கிலோ. நமக்கு வேண்டியதோ 51 கிலோ. ஐந்து உருளைக்கு ஒரு லெங்த் சரியாகப் போகும் என்று காகிதத்தில் தோன்றும். வெட்டுவாயில் கரைவதையும் முனை சீவுவதையும் சேர்த்தால் நான்குதான் தேறும். வரைபடம் போடுகிறவர் உருளையை 1.15 மீட்டராகக் குறைத்துக்கொண்டால் ஐந்தும் வரும். கொள்முதலைக் கேட்காமல் வரையப்படும் வடிவமைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அரைகுறைதான்.

இந்த வழியில் பழகியவர்களே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 8 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 8 அங்குலம் அல்ல, 219.1 மி.மீ.; 12 அங்குலம் என்றால் 323.9. பதினாலிலிருந்துதான் பெயரும் வெளிவிட்டமும் ஒன்றாகின்றன: 355.6. முகத்தட்டை முன்கூட்டியே கடைந்து வைத்துவிட்டுக் குழாய் வாங்கப் போகிறவர்களுக்கு இது புரியும்போது தட்டு கையில் இருக்கும், குழாய்க்குள் போகாது.

அடுத்து, ‘சீம்லெஸ்தான் உசத்தி’ என்ற தீர்ப்பு. அழுத்தம் தாங்கும் வேலைக்கு அதில் நியாயம் உண்டு. உருளைக்கு நான் அதை ஏற்கமாட்டேன். சீம்லெஸ் குழாய், சூடான கட்டியைத் துளைத்து உருவாக்குவது. துளை நடுவை விட்டுச் சற்றே விலகினால் ஒரு பக்கச் சுவர் தடித்து எதிர்ப்பக்கம் மெலியும். சீம்லெஸ் குழாய்க்கான ஏ.106 தரநிர்ணயமே சுவர் 12.5 சதவீதம் வரை குறையலாம் என்று அனுமதிக்கிறது. அதாவது 8.18 மி.மீ. என்று வாங்கியது ஓரிடத்தில் 7.16 ஆக இருந்தாலும் புகார் செய்ய முடியாது. லேத்தில் வெளிமுகத்தை எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும் உள்ளே இருக்கும் கோணல் போகாது. வேகம் கூடினால் உருளை அதிரும். இ.ஆர்.டபிள்யூ. குழாயோ சீரான பட்டையை வளைத்துப் பற்றவைத்தது. உள்ளே ஒரு தையல் மேடு இருக்குமே தவிர சுவர் பெரும்பாலும் ஒரே தடிப்பு. அதிக விலை கொடுத்து மட்டமான உருளை வாங்குவதைத்தான் இங்கே தரப்பற்று என்கிறார்கள்.

அடுப்பு வளையத்துக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. அந்த விட்டத்தில் ஒரு லெங்த் 536 கிலோ. நமக்கு வேண்டியது 27. குழாய் தேடுவதே வீண். தகட்டை ரோலிங் போடுவதுதான் வழி. மில் பராமரிப்பு வேலையில் கை தேர்ந்த பட்டறைகள் உள்ள ஊர்கள் இவை. தகட்டைச் சுருட்டுவது இங்கே பெரிய வித்தையில்லை. ஆனாலும் இரண்டு குறைகள் மறுபடி மறுபடி வருகின்றன. ஒன்று, வெட்டும் நீளம். தகட்டின் நடுத்தடிப்பில் அளக்க வேண்டும்: 604 மி.மீ. விட்டத்துக்கு 1897 மி.மீ. வெளிவிட்டத்தை வைத்துக் கணக்கிட்டால் 19 மி.மீ. கூடிவிடும், வளையம் 6 மி.மீ. பெரிதாகிக் கடாய் ஆடும். மற்றது, முனை. மூன்று உருளை எந்திரம் தகட்டின் இரு முனைகளையும் வளைக்காமல் தட்டையாகவே விட்டுவிடும். முன்பே முனையை மடக்கிக்கொள்ள வேண்டும், அல்லது நீளம் கூட்டி வளைத்துத் தட்டைப் பகுதியை வெட்டியெறிய வேண்டும். இரண்டும் செய்யாமல் பற்றவைத்தால் தையல் இருக்கும் இடம் பேரிக்காய் மூக்காகத் துருத்தும். அடுப்புக்கு அதை மன்னிக்கலாம். உருளைக்கு முடியாது.

பழைய இரும்புக் கடையைப் பற்றி அதிகம் பேச இல்லை. துரு உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்பது வெளியே தெரியாது. தடிப்புமானி வைத்துச் சுற்றிலும் அளக்காமல் வாங்கக் கூடாது. கழற்றியெடுத்த போர்வெல் கேசிங் கால்வனைஸ் செய்ததாக இருந்தால் அடுப்புப் பக்கமே வேண்டாம்: பற்றவைக்கும்போதே துத்தநாகப் புகை கிளம்பும், தீயிலும் பூச்சு தங்காது. தடித்த கனமான துண்டு மலிவாகக் கிடைத்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். கொதிகலன் வேலையில் மிஞ்சிய குரோமியம் கலந்த உலோகக் கலவையாக அது இருக்கலாம். முன்சூடு இல்லாமல் சாதாரண ராடு போட்டால் தையலருகே வெடிக்கும். தாங்குகால், தூண், கேட் கம்பம் ஆகியவற்றுக்குப் பழைய துண்டு தாராளமாகப் போதும். நீராவி அழுத்தம் உள்ள எதற்கும் கூடாது.

ஆக, வளையத்துக்கு உள்ளூர் ரோலிங், உருளைக்கு லெங்த்திலிருந்து வெட்டிய இ.ஆர்.டபிள்யூ. ஒரு பட்டறைக்கு ஓர் உருளைதான் வேண்டும் என்றால், அதே அளவு தேவைப்படும் இன்னும் இரண்டு மூன்று பட்டறைகள் சேர்ந்து மதுரையில் ஒரு லெங்த் எடுப்பது நடக்கக்கூடியதுதான். அங்கேதான் ஒழுங்கு தேவைப்படுகிறது. தர எண்ணும், எந்த உருக்கில் வந்தது என்று சொல்லும் ஹீட் எண்ணும் குழாயின் ஒரு முனையில் அச்சடித்திருக்கும். அந்த முனையை எடுத்துப் போகிறவரோடு அடையாளமும் போய்விடும். மீதி மூன்று துண்டுகளும் பழைய இரும்புக் கடைத் துண்டுகளுக்குச் சமமாகிவிடும். அதனால் கேஸ் கட்டிங் தொடங்குமுன் நான்கு துண்டுகளிலும் ஹீட் எண்ணைக் குத்தச் சொல்லுங்கள். மில் சான்றிதழின் நகலும் ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.