‘கொடு’ என்று எழுதினால் போதுமா?

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளிகளிலும் டியூஷன் வகுப்புகளிலும் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ப் பொருளை எழுதி மனனம் செய்யவைப்பது பழகிப்போன முறை. கிவ், டொனேட், கிராண்ட், லெண்ட் எல்லாமே அங்கே ‘கொடு’ என்றோ அதன் சாயலிலோ முடிந்துவிடுகின்றன. இதை அடியோடு தள்ளவும் முடியாது. ஏழு வயதிலேயே மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் படிக்கும் பிள்ளை புரியாத வாக்கியத்தில் தட்டுத்தடுமாறும்போது, ஒற்றைப் பொருள் உடனே கைகொடுக்கிறது. வாசிப்புக்கு அது போதும். எழுத்தில்தான் காலை வாருகிறது.

தமிழில் தம்பிக்குக் கொடுத்தாலும் கோயிலுக்குக் கொடுத்தாலும் ‘கு’ உருபு ஒன்றே போதும். ஆங்கிலத்தில் அப்படியில்லை. கிவ், லெண்ட், கிராண்ட் ஆகியவற்றின் பின்னே பெறுபவரை நேராக வைக்கலாம். டொனேட்டும் கான்ட்ரிபியூட்டும் அதற்கு இடந்தராமல், கொடுக்கும் பொருளை முன்னே நிறுத்திப் பெறுபவருக்கு ‘டு’ கேட்கின்றன. கொடுப்பவரின் நிலையும் மாறுகிறது: கிராண்ட் செய்பவரிடம் அதிகாரம் இருக்கும், கான்ட்ரிபியூட் செய்பவர் பலருள் ஒருவர், லெண்ட் செய்தவர் திரும்பப் பெறுவார். லெண்டுக்கும் கடன் வாங்குவதைக் குறிக்கும் பாரோவுக்கும் உள்ள குழப்பத்தில் மலாய்க்கும் பங்குண்டு. பேச்சு மலாயில் ‘பிஞ்சாம்’ இரு திசைக்கும் ஓடுகிறது. தெருவில் ‘பாரோ மீ’ என்றாலே புரிகிறதே என்பார்கள். உண்மைதான், பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் அதனால் நட்டமில்லை. கடன் பத்திரத்தில் யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பது தலைகீழானால் விளைவு வேறு.

இவ்வளவு நுணுக்கம் சிறுபிள்ளைக்கு எட்டாது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இரப்பவர் தாழ்ந்தவரானால் ‘ஈ’, ஒத்தவரானால் ‘தா’, உயர்ந்தவரானால் ‘கொடு’ என்று தொல்காப்பியமே வகுத்த மொழி நம்முடையது. நூலை விடுங்கள், வாழ்க்கையே இதைக் கற்றுத்தருகிறது. கல்யாணத்தில் மொய், கோயிலில் உபயம், உண்டியலில் காணிக்கை எனக் கொடைக்கேற்பச் சொல் மாறுவதைப் பிள்ளை தினமும் கேட்கிறது. அரச நகரான கிள்ளானில், சுல்தான் பட்டம் வழங்கினால் மலாய்ச் செய்தியில் ‘குர்னியா’ என்றும், கடையில் வெறும் ‘பாகி’ என்றும் வருவது அதன் காதில் விழாமலா இருக்கும்? சொல்லுக்கு ஒரு பொருள் என்ற மனனப் பட்டியல் இந்த அறிவைத் தொடுவதே இல்லை. சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் யார், யாருக்கு, எதை, திரும்ப வருமா என்ற கேள்விகளோடு ஒரு முழு வாக்கியத்தை எழுதவைக்கலாம். மதிப்பெண்ணுக்காக ஓடும் வகுப்பில் அது மெதுவாகத்தான் நகரும். அந்தத் தாமதத்தைப் பெற்றோருக்குச் சொல்லிப் புரியவைப்பது ஆசிரியருக்குக் கூடுதல் வேலை.