வால்டன் குளக்கரையும் கொங்கோட் மறியற்சாலையும்

பொது வசதிகளையும் அரசின் மேற்பார்வையையும் ஒருங்கே விலக்கித் தன்னந்தனியே வாழ்தல் கூடுமோ என்னும் வினா எழும்போதெல்லாம் எடுத்துக்காட்டப்படும் நூல் ஒன்றுண்டு. அஃது அமெரிக்க அறிஞர் ஹென்றி டேவிட் தோறோ 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வால்டன்’ என்பதாம். அதனைத் துறவியொருவரின் காட்டு வாழ்க்கை வரலாறெனப் போற்றுவோரும் உளர். ஊருக்கு அணித்தே இருந்துகொண்டு துறவு நடித்தவரின் நூலென இகழ்வோரும் உளர். இவ்விரு சாராரும் நூலின் உட்பொருளை நோக்கத் தவறினர் என்பதே எமது கருத்து.

நிகழ்ந்தவற்றை முதற்கண் நோக்குவாம். மாசசூசெற்ஸ் மாநிலத்துக் கொங்கோட் என்னும் ஊரின் புறத்தே, வால்டன் குளக்கரையில், தாமே அமைத்த சிறு வீட்டில் தோறோ 1845 யூலை 4ஆந் திகதி குடிபுகுந்தார். 1847 செப்டெம்பர் 6ஆந் திகதி அதனை நீங்கினார். 10 அடி அகலமும் 15 அடி நீளமும் கொண்ட அவ்வீட்டிற்குச் செலவான தொகை 28 டொலர் 12½ சதம். அவரை முதலியன பயிரிட்டுப் பெற்ற இலாபம் 8 டொலர் 71½ சதம். கவிநயம் நாடி நூலைத் திறப்போர்க்கு இக்கணக்குகள் சுவையற்றனவாய்த் தோன்றலாம். ஆயின் நூலின் உயிர்நிலை அவற்றிலேயே உளது. ஒரு பொருளின் உண்மை விலையாவது அதனைப் பெறுதற்கு நாம் செலவிடும் வாழ்நாளே என்பது ஆசிரியர் கொள்கை. அக்கொள்கையைச் சதக்கணக்கில் வைத்துச் சோதித்துக் காட்டியமை அவர்தம் தனிச் சிறப்பு.

எனினும் கணக்கில் ஏறாதனவும் சில உள. வீடு நின்ற நிலம் நண்பர் எமர்சனுக்கு உரியது. சுவர்ப்பலகைகளோ புகையிரதப் பாதை அமைக்க வந்த ஐரிஷ் தொழிலாளி ஒருவரின் குடிசையைப் 4 டொலர் 25 சதத்துக்கு வாங்கிப் பிரித்தெடுத்தவை. ஒருவரின் எளிய வாழ்வுக்கு மற்றொருவரின் வறுமை பலகை தந்தது! மேலும், மழைக்கு ஒதுங்கிய ஒழுக்குக் குடிசையிலே, மனைவி மக்களைத் தாங்க இயலாது உழைத்து நலியும் ஜோன் ஃபீல்ட் என்பவர்க்குத் தேநீரும் வெண்ணெயும் இறைச்சியும் விலக்குமாறு ஆசிரியர் அறிவுரை பகர்கின்றார். நூலில் எமக்கு உடன்பாடில்லாத பகுதி இதுவேயாம். தானே விரும்பி விடுதல் வேறு. கிடையாமையால் இல்லாதிருத்தல் வேறு. 1990களில் மின்சாரமின்றிக் குப்பி விளக்கொளியிற் படித்த யாழ்ப்பாணத்தவர்க்கு இவ்வேறுபாட்டை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும் ஆசிரியர் இதனை முற்றாக அறியாதவரல்லர். அக்காட்டின் பழைய குடிகளைப் பற்றித் தனி அதிகாரம் ஒன்று வகுத்து, முன்னர் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள் ஊரின் ஓரத்தே வாழ்ந்து மறைந்தமையை உருக்கமாகப் பதிவு செய்கின்றார். தாம் விரும்பிச் சென்ற இடம் பிறர் ஒதுக்கப்பட்ட இடம் என்பதை அவ்வதிகாரம் உணர்த்துகின்றது.

இனி, அரசின் பிடியிலிருந்து விலகுதல் பற்றிக் காண்போம். 1846 யூலையில், திருத்தக் கொடுத்த சப்பாத்தை எடுக்கத் தோறோ ஊருக்குட் சென்றபோது, தலைவரி கட்டாமைக்காகக் கைதுசெய்யப்பட்டார். வேறொருவர் அவ்வரியைச் செலுத்தவே மறுநாட் காலை விடுதலையானார். தன் உணவைத் தானே விளைப்பவனுக்கும் சப்பாத்துத் தைப்பவர் வேண்டும். அவரிடஞ் செல்லும் வழியிலே அரசு நிற்கின்றது. தனிக் குடிசை எவரையும் அரசுக்கு அப்பாற்பட்டவராக்குவதில்லை என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா.

இச்செய்தியை ‘வால்டன்’ சில வரிகளில் முடித்துவிடுகின்றது. விரிவை 1849ஆம் ஆண்டில் வெளியான, அரசை எதிர்த்தல் பற்றிய அவர் கட்டுரையிற் காணலாம். அங்கே பலர் கவனியாத குறிப்பொன்று உண்டு. தலைவரியை மறுத்த அவர் தெருவரியை ஒருபோதும் மறுக்கவில்லை. நல்ல அயலவராயிருக்க விரும்பியமையே அதற்குக் காரணமாகக் கூறுகின்றார். எனவே, அவர் வெறுத்தது ஊரார் கூடி அமைக்கும் பொது வசதியை அன்று. அடிமை முறைக்கும் மெக்சிக்கோப் போருக்கும் தம்மை உடந்தையாக்கும் ஆணையையே என்பது தெளிவு. குடிசையை மட்டுங் கண்டோர் அவரைத் தனிமை நாடியவராக்கினர். இரு நூல்களையும் சேர்த்துக் கற்போர்க்கோ அவர் மனச்சான்று நாடியவராய்த் தோன்றுவர்.

இவ்வுண்மையைச் செயலில் விரித்தவர் காந்தியடிகள். தோறோவின் கட்டுரைச் சாரத்தை 1907ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவில் தமது ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் வெளியிட்ட அவர், 1910இல் தொல்ஸ்தோய் பண்ணையைத் தொடங்கினார். அங்கே தமிழர் பலர் உட்படச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் கூடி உழைத்தன. அப்பண்ணையிற் கற்ற கைத்தொழில்களுள் சப்பாத்துத் தைத்தலும் ஒன்றாம். கொங்கோட்டில் தனியொருவர்க்குக் குறையாய் நின்றது ஆங்குக் கூட்டு வாழ்வால் நிறைவுற்றது.

ஆகவே, இக்காலத்தே கூரையிற் சூரிய மின்தகடு பொருத்தி, மின்கம்பியைத் துண்டித்துவிட்டாற் சுதந்திரம் வந்தெய்தும் எனக் கருதுவோர் ‘வால்டனை’ ஒருமுறை ஊன்றிக் கற்பாராக. எவ்வரியைக் கட்டலாம், எதனைக் கட்டலாகாது என்று தேரும் அறிவே அந்நூலாசிரியர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம். அதனைப் பெறுதற்குக் காட்டிற் குடியேற வேண்டுவதில்லை.