மோதிரம் எப்போது வந்தது?

நண்பன் நோயுற்றான், அல்லது வேலை இழந்தான், அல்லது கடன் அவன் கழுத்தை நெரிக்கிறது. செய்தி கேட்டதும் கிறித்தவத் தோழர் விரைந்து வருகிறார். அவன் தோள்மீது கை வைத்துக் கண்களை மூடி, ‘இவனை ஆசீர்வதியும்’ என்று ஆண்டவனிடம் வேண்டுகிறார். ‘ஆமென்’ என்று முடிக்கும்போது இருவர் கண்களும் கலங்கியிருக்கின்றன.

இதை எள்ளி நகையாட நாம் எழுதுகோல் எடுக்கவில்லை. துன்பப்படுபவனைத் தேடி வரும் கால்கள் எந்த மதத்துக் கால்களாயினும் மதிக்கத்தக்கவையே. அக்கால்கள் திரும்பிச் சென்ற பிறகு அவன் வீட்டில் என்ன மிஞ்சுகிறது? அதுவே நமது கேள்வி. விடை தேட இங்கர்சாலிடம் போக வேண்டியதில்லை, விவிலியமே போதும்.

நண்பனுக்காக வேண்டுவதன் மேன்மைக்குச் சான்றாக மறையுரைஞர் எடுத்துக்காட்டும் இடங்களுள் ஒன்று, யோபு நூலின் 42ஆம் அதிகாரம். யோபு தன் நண்பர்களுக்காக வேண்டினான். இழந்த செல்வம் இருமடங்காகத் திரும்பியது என்பது அங்கே வரும் செய்தி. அது கடைசி அதிகாரம் என்பதை மறந்துவிடலாகாது. அதற்கு முன்னுள்ள 41 அதிகாரங்களையும் படித்தவனுக்குத்தான் அந்த வேண்டுதலின் விலை தெரியும்.

இலக்கியம் என்ற அளவில் யோபு நூல் உயர்ந்த படைப்பு. ‘நான் செய்த குற்றம் என்ன?’ என்று கடவுளையே வழக்குக்கு இழுக்கும் மனிதனை அதில் காண்கிறோம். பகுத்தறிவாளன் அவனோடு கைகுலுக்கத் தயங்கமாட்டான். செல்வம் போயிற்று, மக்கள் பதின்மரும் மாண்டனர், உடலெங்கும் புண். சாம்பலில் அமர்ந்து ஓட்டுத்துண்டால் உடலைச் சுரண்டுகிறான். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் வருகின்றனர். ஏழு பகல், ஏழு இரவு அவனோடு தரையில் வாய் திறவாது அமர்ந்திருக்கின்றனர். நூல் முழுவதிலும் அவர்கள் செய்த நற்செயல் அந்த ஒன்றுதான்!

வாய் திறந்தார்கள், வந்தது வினை. ‘குற்றமற்றவன் அழிந்ததுண்டா?’ என்கிறான் ஒருவன். ‘கடவுளை நாடு’ என்கிறான் மற்றவன். ‘அவரை நோக்கிக் கைகளை விரி’ என்கிறான் மூன்றாமவன். மூவரும் அவனை வேண்டச் சொல்கின்றனரே அன்றி, அவனுக்காக ஒருவனும் வேண்டவில்லை. புண்ணுக்குத் துணி கிழித்துக் கொடுக்கவுமில்லை. இளைத்தவனுக்குத் தண்ணீர் தராத பாவி என்று 22ஆம் அதிகாரத்தில் எலிப்பாஸ் அவன்மீது பழியும் சுமத்துகிறான்.

அப்பழிக்கு யோபு தரும் மறுமொழிதான் நூலின் உயிர்நாடி. 29, 31ஆம் அதிகாரங்களில் அவன் தன் வாழ்க்கைக் கணக்கை விரிக்கிறான். குருடனுக்குக் கண்ணாக இருந்தானாம். முடவனுக்குக் காலாக இருந்தானாம். அழியவிருந்தவனின் ஆசி அவனை வந்தடைந்ததாம். குளிரில் நடுங்கிய ஏழையின் உடல், அவனுடைய ஆட்டு மயிரால் சூடேறிய பின் அவனை வாழ்த்தியதாம். இங்கே ஆசி எத்திசையில் பாய்கிறது என்று பாருங்கள்! இருப்பவன் இல்லாதவன் தலையில் கைவைத்துச் சொன்னதன்று அது. கம்பளி முதலில் போயிற்று. வாழ்த்து பின்னர் வந்தது. அதுவும் உடல் சொன்ன வாழ்த்து! இந்த அதிகாரங்களை எழுதிய புலவன் யாரோ, அவன் பெருங்கவிஞன்.

இறுதி அதிகாரத்தை எழுதிய கை வேறு என்று கருதும் ஆராய்ச்சியாளர் பலர். அங்கே யோபு வேண்டுகிறான்; செல்வம் இரட்டிக்கிறது; அதன் பின்னரே உடன்பிறந்தாரும் பழகியவர்களும் கூடி வந்து, உண்டு, ஆறுதல் கூறி, ஆளுக்கொரு பணமும் பொன் மோதிரமும் அளிக்கின்றனர். சாம்பலில் கிடந்த நாளில் எங்கே போயிற்று இந்த மோதிரம்? ‘அந்தக் காணிக்கைகளே மீட்சிக்கு முதலாயின’ என்று சமாதானம் சொல்லலாம். அப்படியாயின் யோபுவைத் தூக்கிவிட்டது மனிதர் கை என்றாகிறது. நமக்கு அதில் வருத்தமில்லை. 7,000 ஆடுகள் 14,000 ஆயின; 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆயின. முதல் அதிகாரத்தில் வாளுக்கு இரையான வேலையாட்களை மட்டும் எவரும் கணக்கில் சேர்க்கவில்லை.

வெறும் வாழ்த்துச் சொல் பொருளாக உறைந்துபோவதற்கும் சான்று உண்டு. 1979இல் எருசலேமின் பழங்கல்லறை ஒன்றில் இரு சிறு வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்து ஆசியுரையை ஒட்டிய சொற்கள் அவற்றில் கீறப்பட்டிருந்தன. ஏறத்தாழ 2,600 ஆண்டுப் பழமை. அணிந்துகொள்ளும் தாயத்துகள் அவை என்கின்றனர் அறிஞர்!

அறிவியலும் இந்த வேண்டுதலைச் சோதித்துப் பார்த்தது. அமெரிக்காவில் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர், இதய மாற்றுவழி அறுவை செய்துகொண்ட 1,802 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். தமக்காக வேண்டப்படுமோ, படாதோ என்று அறியாதிருந்தவர்களுள், வேண்டப்பட்டவரில் 52 விழுக்காட்டினருக்கும் வேண்டப்படாதவரில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல் நேர்ந்தது. வேண்டப்படுவது உறுதி என்று அறிந்திருந்தவருக்கோ 59! இக்கூடுதல் தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளரே எச்சரித்தனர். நாமும் அதை ஊதிப் பெருக்கவில்லை. மேலும், அங்கே வேண்டியவர்கள் நோயாளிக்கு முன்பின் அறியாதவர்கள். நண்பனின் குரலும் தொடுகையும் தரும் தெம்பை அந்த ஆய்வு அளக்கவில்லை. அத்தெம்பு உண்மையானது, அதைத் தந்தவன் அருகில் அமர்ந்த நண்பன். பட்டியல் எழுதும்போது அவன் பெயரை அடித்துவிட்டு ஆண்டவன் பெயரை எழுதுவதுதான் நமக்கு உடன்பாடில்லை.

‘மதத்தைப் பழிக்கிறார்கள்’ என்று சினப்படுவோர் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் பார்க்கட்டும். ஆடையும் அன்றாட உணவுமின்றி நிற்பவனிடம், எதுவும் கொடாமல், குளிர்காய்ந்து வயிறாரச் செல்க என்று வாயால் மட்டும் வாழ்த்துவதால் என்ன பயன் என்று கேட்டவர் நாத்திகர் அல்லர். அக்கடிதத்தை, நம்பிக்கையே போதும் என்ற மார்ட்டின் லூதர், 1522இல் தம் செருமானிய மொழிபெயர்ப்பின் முன்னுரையில் வைக்கோல் கடிதம் என்று தாழ்த்தினார். வைக்கோல் என்றே வைத்துக்கொள்வோம். குளிரில் நடுங்குகிறவன் அதன்மேல் படுத்துக்கொள்ளலாமே!