பிராங்கன்ஸ்டைன் படத்தில் ஒரு பாடவேறுபாடு

மேலைநாடுகளில், சிறப்பாக அமெரிக்காவில், அக்டோபர்த் திங்கள் 31ஆம் நாள் ஹாலோவீன் என்னும் விழா ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. பேயுருப் புனைந்த சிறுவர் வீடுதோறும் சென்று இனிப்புப் பெறுவதும், பெரியோர் கூடியிருந்து பழைய அச்சப் படங்களைக் காண்பதும் அவ்விழாவின் வழக்கங்கள். அப்படங்களைப் பற்றிய சிறு செய்திகளை வினாவும் விடையுமாகத் தொடுத்து ஒருவரையொருவர் சோதிக்கும் விளையாட்டும் அதனோடு சேர்ந்து வளர்ந்துள்ளது. 1960இல் வெளிவந்த ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் கொலையில் ஓடும் குருதி உண்மையில் சாக்லேட் பாகு என்பதும், 1978இல் வெளிவந்த ‘ஹாலோவீன்’ படத்தின் கொலையாளி அணிந்திருப்பது ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் கப்பல் தலைவனுக்குரிய முகமூடி, வெண்ணிறம் பூசி மாற்றப்பட்டது என்பதும் இத்தகையன. திறனாய்வாளர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. பெரும்பாலும் அவர் செய்வது சரியே. பாகு என்று அறிந்தபின் அக்கொலைக் காட்சியின் பொருளில் அணுவளவும் மாற்றம் இல்லை.

ஆயினும் எல்லாச் செய்திகளையும் ஒருங்கே தள்ளுதல் தகாது. ஒரு செய்தி படைப்பின் புறத்தே நிற்கிறதா, படைப்பின் பாடத்தையே தொடுகிறதா என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பாடத்தைத் தொடும் செய்தி துணுக்காகாது, சான்றாகும். 1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கத்தில் யுனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தைக் கொண்டு இதனை நிறுவ முயல்கின்றோம்.

திரைப்படம் எந்திரத்தால் படியெடுக்கப்படுவதாகலின் ஏட்டுச்சுவடிபோல் படிக்குப்படி வேறுபடாது என்று கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது. 1922இல் செருமனியில் வெளிவந்த ‘நாஸ்பெராட்டு’, ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ புதினத்தை உரிமையின்றித் தழுவியது. அதன் படிகளை அழிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டும், எஞ்சிய படிகளால் அது பிழைத்தது. 1931இல் யுனிவர்சல் நிறுவனத்தார் ‘டிராகுலா’வை ஆங்கிலத்தில் பகலில் எடுத்து, அதே அரங்குகளில் இரவில் வேறு நடிகரைக் கொண்டு ஸ்பானிய மொழியில் எடுத்தனர். சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகியவர்க்கு இவையெல்லாம் அறிமுகமான சிக்கல்களே.

இனி, ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தின் ஏரிக்கரைக் காட்சியை நோக்குவோம். ஆய்வுக்கூடத்தினின்று தப்பிய செயற்கை மனிதன் காட்டுவழியே வந்து, ஏரிக்கரையில் தனித்திருக்கும் மரியா என்னும் சிறுமியைக் காண்கிறான். அவனைக் கண்டு அஞ்சாதவள் படம் முழுவதிலும் அவள் ஒருத்தியே எனலாம். கைபற்றி அழைத்துச் செல்கிறாள்; பூக்களைக் கொடுக்கிறாள்; அவற்றை நீரில் எறிந்து ஓடம்போல் மிதக்கவிடக் கற்பிக்கிறாள். அவன் முகத்தில் முதன்முதலாக நகை தோன்றுகிறது. கையிலிருந்த பூக்கள் தீர்ந்தன. வெறுங்கையைப் பார்க்கிறான், சிறுமியைப் பார்க்கிறான், பூவினும் அழகிய அவளும் மிதப்பாள் என்று எண்ணி அவளைத் தூக்கி ஏரியில் எறிகிறான். அவள் மூழ்குகிறாள். நேர்ந்தது இன்னதென்று அறியாது கலங்கிக் கைகளைப் பிசைந்துகொண்டு அவன் ஓடுகிறான்.

இக்காட்சியின் இறுதிப்பகுதியைத் தணிக்கையாளர் வெட்டினர். அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் படம் வந்தபொழுதே அது நீக்கப்பெற்றது. 1930களின் பிற்பகுதியில் நிகழ்ந்த மறுவெளியீட்டிற்குப்பின் எங்கும் குறைப்பாடமே வழங்கலாயிற்று. 1980களில்தான் விடுபட்ட பகுதி மீண்டும் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இப்படத்தைக் கண்டவர் பலரும் குறைப்பாடத்தையே கண்டனர் என்பது மறக்கத்தக்கதன்று.

குறைப்பாடத்தில் எஞ்சியது யாது? வெறுங்கையனாய் நிற்கும் அவன் சிறுமியை நோக்கிக் கைகளை நீட்டுகிறான். அத்துடன் காட்சி அறுகிறது. பின்னர், திருமணக் களிப்பில் ஆடும் ஊர்த்தெருவில், தந்தை அவள் உடலை ஏந்தி நடந்து வருகிறான். ஆட்டமும் பாட்டும் ஒவ்வொன்றாய் ஓய்கின்றன. இடையில் நிகழ்ந்ததைக் காண்போர் தம் மனத்தால் நிரப்பிக்கொள்ள வேண்டும். எதைக் கொண்டு நிரப்புவர்? நீட்டிய கையும் இறந்த உடலும் மட்டும் கிடைத்தால், சொல்லக் கூசும் கொடுமையையே மனம் கற்பிக்கும். கொடுமையைக் காட்டலாகாது என்று வெட்டியவர்கள், படைத்தவர் எண்ணாத பெருங்கொடுமை ஒன்றை உள்ளே புகுத்திவிட்டனர். நிறைப்பாடத்தில் இக்காட்சிக்குரிய மெய்ப்பாடு அழுகை. குறைப்பாடத்தில் அஃது அச்சமாகிறது.

மறைத்துக் கூறுவதே அச்சச் சுவையை மிகுவிக்கும், ஆதலின் வெட்டு கலைக்கு நலமே செய்தது என ஒரு தடை எழலாம். மறைப்பின் ஆற்றலை யாமும் மறுக்கவில்லை. ஆனால், மறைக்கப்பட்ட பொருளும் காண்போர் ஊகிக்கும் பொருளும் ஒன்றாயிருத்தல் வேண்டும். அன்றேல் அது குறிப்புப் பொருளாகாது, பிழைப்பொருளே ஆகும். ஈண்டு அறியாமையால் நேர்ந்த சாவு, தீய எண்ணத்தால் நேர்ந்த கொலையாக மாறிவிடுகிறது.

இம்மாற்றம் ஒரு காட்சியளவில் நிற்பதன்று. படத்தின் தொடக்கத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. நல்ல மூளை ஒன்றும் குற்றவாளியின் மூளை ஒன்றும் மருத்துவக் கூடத்தில் கண்ணாடிக் கலங்களில் உள்ளன. திருடச் சென்ற ஏவலாளன் பிரிட்ஸ் ஓசை கேட்டு வெருண்டு நல்லதைக் கீழே போட்டுடைத்து, மற்றதை எடுத்து வருகிறான். மேரி ஷெல்லியின் புதினத்தில் இந்நிகழ்ச்சி இல்லை. எம் கருத்தில் படத்தின் பெருங்குறை இதுவே. பிறவியிலேயே தீயவன் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டால் பின்வரும் கதைக்கு என்ன வேலை? ஆயினும் படம் இம்முடிவோடு தானே போராடுகிறது. கூரை வழியே விழும் ஒளியைப் பிடிக்கக் கைகளை உயர்த்தும் காட்சி தீயவனுக்குரியதன்று. தீப்பந்தத்தாலும் சவுக்காலும் வதைத்த பிரிட்ஸைக் கொல்கிறான். தன்னை அறுத்துச் சிதைக்க முனைந்த பேராசிரியர் வால்டுமனைக் கொல்கிறான். இரண்டிற்கும் காரணம் கண்முன் நிற்கிறது. மரியாவின் சாவுக்கு மட்டும் காரணம் காட்டும் பகுதி அறுபட்டது. அது அறுபடவே, குற்றவாளியின் மூளை என்ற விளக்கமே வென்றது.

மறுவெளியீட்டின்போது நேர்ந்த மற்றொரு நீக்கத்தையும் இதனோடு வைத்து நோக்குதல் வேண்டும். உயிர் பெற்ற கையின் அசைவைக் கண்ட பிராங்கன்ஸ்டைன், கடவுளாயிருத்தல் எத்தகையது என்பதைத் தான் இப்பொழுது உணர்ந்ததாகக் கூவுகிறான். சமயப் பழிப்பு என்று கருதி அக்கூற்றை இடியோசையால் மறைத்தனர். இரு நீக்கங்களும் வெவ்வேறு காரணம் பற்றியவை. ஆயினும் விளைவு ஒரு திசை நோக்கியே செல்கிறது. ஒன்று படைத்தவனின் செருக்கைக் குறைத்தது. மற்றொன்று படைக்கப்பட்டவனின் மாசின்மையை அழித்தது. பழி முழுவதும் படைத்தவனிடமிருந்து படைப்புக்கு மாறிற்று. மேரி ஷெல்லி 1818இல் எழுதியதன் உயிர்நிலையே இதற்கு மாறானது. தான் ஆக்கிய உயிரைப் பேணாது கைவிட்டோடியவனின் கதை அது.

வினாவிடை விளையாட்டில் தவறாது இடம்பெறுவது பெயர் பற்றிய வினா. பிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவன் பெயரேயன்றிப் படைப்பின் பெயரன்று. இம்மயக்கத்தைத் திரைப்படத்தின்மேல் ஏற்றுவோர் உளர். அஃது அதற்கு முன்னரே, 19ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியது. இதனினும் சுவையுடையது படத்தின் தொடக்கத்தில் வரும் நடிகர் பட்டியல். அதில் அவ்வுருவத்திற்கு நேராக நடிகர் பெயர் இல்லை. ஒரு வினாக்குறி மட்டும் உள்ளது. போரிஸ் கார்லாப் என்ற பெயர் படமுடிவில்தான் வருகிறது. வணிகர்தம் விளம்பர உத்தி என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால் 1823இல் இலண்டனில் இக்கதை நாடகமானபொழுதும் அப்பாத்திரத்திற்குரிய இடம் பெயரின்றி வெறுங்கோடாகவே அச்சிடப்பட்டது. அந்நாடகத்தைக் கண்ட மேரி ஷெல்லி அவ்வாறு விட்டதைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். பெயரிடப்படாமையே அப்படைப்பின் அவலம் என்பதை ஆசிரியரே ஒப்பியதற்கு இது சான்று. இதே படத்தின் தொடக்கத்தில் மூலநூலாசிரியர் தம் பெயரின்றித் திருமதி பெர்சி பி. ஷெல்லி எனக் கணவர் பெயராலேயே குறிக்கப்படுகிறார். புதினத்தின் முதற்பதிப்பும் ஆசிரியர் பெயரின்றியே வந்தது.

ஏரிக்கரைக் காட்சிக்குப் புதினத்தில் நேரான பகுதி இல்லை. தலைகீழான பகுதி உண்டு. ஆற்றில் வழுக்கி விழுந்த ஒரு பெண்ணை அவன் பாய்ந்து காப்பாற்றுகிறான். உடன்வந்தவன் அவனைத் துப்பாக்கியால் சுடுகிறான். 1931இல் இதனை மாற்றியமைத்த ஜேம்ஸ் வேல், 1935இல் இயக்கிய ‘பிராங்கன்ஸ்டைனின் மணமகள்’ படத்தில் மூலத்திற்கே திரும்புகிறார். அவனைக் கண்டு வெருண்ட ஆயர்குலப் பெண் ஒருத்தி நீரில் விழ, அவன் அவளைக் கரையேற்றுகிறான். முன்பு நீரில் எறிந்த கைகளே இப்பொழுது நீரிலிருந்து எடுக்கின்றன. கண்விழித்த அவள் அலறுகிறாள். வேட்டைக்காரர் வந்து அவனைச் சுடுகின்றனர். முதற்படத்தை நிறைப்பாடத்தில் கண்டவன் இக்காட்சியில் அவனுக்காக வருந்துவான். குறைப்பாடத்தை மட்டும் கண்டவனுக்கோ, அவள் அலறியதும் அவர்கள் சுட்டதும் முறையென்றே தோன்றும்.