வயிறு என்னும் பிரதி: ஒரு ஸ்கேன் அறிக்கையை வாசித்தல்

ஆசிரியன் இறந்ததையும் வாசகன் பிறந்ததையும் கருத்தரங்கு கருத்தரங்காகக் கொண்டாடியாயிற்று. ஆனால் திருநெல்வேலி ஜங்ஷனிலும் ஹைகிரவுண்டிலும் தினமும் பிளாஸ்டிக் பைகளில் பஸ் ஏறும் ஒரு பிரதியை நம் விமரிசகர்கள் யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. 'யுஎஸ்ஜி அப்டமன் அண்ட் பெல்விஸ்' என்ற தலைப்பிட்ட தாள். ஈரல், பித்தப்பை, கணையம், மண்ணீரல், சிறுநீரகங்கள், மூத்திரப்பை, கர்ப்பப்பை, சினைப்பைகள் என்று ஒவ்வொன்றாகப் போய், அநேகமாக எல்லாவற்றுக்கும் நேரே 'நார்மல்' போட்டு, கடைசியில் 'இம்ப்ரெஷன்' என்று முடியும். ஒரு பெண்ணைப் பற்றி, அவளால் வாசிக்க முடியாத மொழியில், ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதும் கடிதம் அது. கொண்டுபோய்ச் சேர்க்கும் தபால்காரி மட்டும் அவள்தான்.

அவளிடம் மொழி இல்லாமலில்லை. குத்துது, கடுக்குது, உளையுது, பொருமுது, சுருட்டிப் பிடிக்குது, அடிவயித்துல இழுக்குது – இவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் அல்ல, வேறுவேறு வலிகள். அப்பர் தன் சூலையைப் பாடித்தான் பதிகம் தொடங்கினார். விட்டு விட்டு வருவதையும் விடாமல் வலிப்பதையும் பிரித்தறிவது எந்த மருத்துவக் கல்லூரியிலும் முதல் பாடம். ஸ்கேனுக்கு எழுதும் சீட்டில் இத்தனையும் 'வயிற்று வலி' என்ற ஒற்றைச் சொல்லாகக் குறுகிவிடுகிறது.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்த சித்தியோடு ஒரு ஸ்கேன் சென்டரில் காத்திருந்திருக்கிறேன். மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். குடலின் வாயு ஒலியலையைத் திருப்பி அடித்துவிடும். நிறைந்த பை குடலை ஒதுக்கி, தண்ணீர் வழியே கர்ப்பப்பைக்கு ஒரு சன்னல் திறக்கிறது. இந்தக் காரணத்தை யாரும் சொல்லவில்லை. "தண்ணி குடிங்க, முட்டினா சொல்லுங்க" என்பதோடு சரி. சித்தி சொன்னாள்: "நடுகைக்குப் போனா ஒதுங்க இடமில்லைன்னு தண்ணியே குடிக்க மாட்டோம். இங்க என்னடான்னா குடம் குடமா குடிக்கச் சொல்லுதாவ." தாமிரபரணிப் பாசனத்தில் நாற்று நட்ட கைகள்! ஜவுளிக்கடைப் பெண்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்று சட்டம் திருத்தவே இந்த மாநிலத்துக்கு 2021 வரை ஆனது.

திரையில் தெரிவது படம்கூட அல்ல. ஒலி உடம்புக்குள் நொடிக்கு 1540 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டு, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு எந்திரம் போடும் கணக்கு. பித்தப்பைக் கல்லை உறுதிசெய்வதில் கல்லைப் போலவே அதன் பின்னால் விழும் நிழலும் சாட்சி. கருவியைப் பிடிக்கும் கை மாறினால் தெரிவதும் மாறலாம். ஆக இதுவும் ஒரு வாசிப்புத்தான். வாசிப்பு என்று ஒப்புக்கொள்ளாத வாசிப்பு.

இங்கே ஃபூக்கோவை இழுக்காமல் இருக்க முடியாது. உடம்புக்கு என்ன என்று கேட்ட மருத்துவம் எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தொடங்கியதில் அவர் (1963இல்) ஒரு பெரிய உடைப்பைக் கண்டார். நம் நண்பர்கள் சிலர் இதிலிருந்து எந்திரமே வன்முறை என்ற முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கிளாஸ்கோவின் இயான் டொனால்டு 1955இல் கொதிகலன் பற்றவைப்பில் பழுது தேடும் கருவியைத்தான் அறுத்தெடுத்த கட்டிகள்மேல் வைத்துப் பார்த்தார். அவரும் சகாக்களும் எழுதி 1958இல் 'லான்செட்'டில் வந்த கட்டுரை வயிற்றுக் கட்டிகளைப் பற்றியதுதான். இரைப்பைப் புற்று, இனி அறுக்க முடியாது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது சினைப்பை நீர்க்கட்டி என்று எந்திரம் காட்டியது. எடுத்தார்கள், பிழைத்தாள். 'பார்வையின் அதிகாரம்' பற்றி எழுதுகிறவர்கள் அவளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி, வாசித்ததை யாரிடம் சொல்கிறார்கள் என்பதுதான். சித்திக்கு எல்லாம் 'நார்மல்'. "ஒண்ணுமில்லைன்னுட்டாவ. அப்ப வலி எங்கேருந்து வருது?" நியாயமான கேள்வி. எண்டோமெட்ரியோசிஸின் சிறு திட்டுகளோ குடலின் இயக்கக் கோளாறோ இந்த ஸ்கேனில் அகப்படாமல் போகலாம். ஒலிக்கு எட்டவில்லை என்பதும் உடம்பில் இல்லை என்பதும் ஒன்றல்ல. நேர்எதிரான ஆபத்தும் உண்டு: 'பல்க்கி யூட்டரஸ்', 'ஃபைப்ராய்டு' என்ற சொல் தாளில் விழுந்ததுமே "கர்ப்பப்பைய எடுத்துறலாம்மா". தொந்தரவில்லாத தசைக்கட்டிகளைப் பெரும்பாலும் கவனித்துக்கொண்டே விட்டுவிடலாம், மாதவிடாய் நின்றபின் அவை சுருங்கக்கூடும் என்று அவளிடம் யார் சொல்வது? மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பை இழந்த செய்தி 2019இல் வெளிவந்தது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கங்களைத் தடுக்கும் நெறிமுறைகளை அமல்படுத்தச் சொல்லி 2023இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது.

இதே எந்திரத்தின் முன் கர்ப்பிணி படுத்தால் கதை வேறு. 1994இல் இயற்றி 1996இல் நடைமுறைக்கு வந்து 2003இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி 'எஃப்' படிவம் நிரப்பியாக வேண்டும். உசிலம்பட்டியையும் சேலத்தையும் அறிந்த எவரும் இச்சட்டம் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழகத்தில் 1991இல் 948 பெண் குழந்தைகள், 2011இல் 943. ஆனால் இதைக் கவனியுங்கள்: மொத்த ஸ்கேன் காகிதங்களில் அவள் தன்மை ஒருமையில் பேசும் இடம் அந்தப் படிவத்தின் உறுதிமொழிதான். அதில் அவள் சொல்வது, சிசு ஆணா பெண்ணா என்று அறிய விரும்பவில்லை என்பது. அறிய விரும்புகிறேன் என்று எழுத ஒரு கட்டமும் இல்லை.

அதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, சிசுவுக்கான சோதனைகளுக்கு முன் அவளுக்குப் புரியும் மொழியில் எழுத்துமூலம் சம்மதம் பெற வேண்டும் என்கிறது. 'அவளுக்குப் புரியும் மொழி' – சொற்றொடர் ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. வயிற்று வலியோடு வருகிறவளின் அறிக்கையின் அடியிலும் தமிழில் நாலு வரி எழுதட்டும்: என்ன பார்த்தோம், எதைப் பார்க்க முடியவில்லை, அடுத்து யாரிடம் என்ன கேட்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவளுக்கு வாயால் சொல்லட்டும், மூத்திரத்துக்குப் போய்விட்டு வந்த பிறகு.